நூறை அழித்து எழுபது

துறைமுகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மேல்வீட்டுக்காரி என்றால்தான் தெரியும். கன்டெய்னர் ஏற்றி இறக்கும் பெரிய கிரேனின் உச்சியில், தரையிலிருந்து பத்து மாடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கப்பலில் இருக்கும் முப்பது டன் பெட்டியை, பக்கத்துப் பெட்டியின் வர்ணம்கூட உரசாமல் எடுத்து லாரியின் முதுகில் வைத்துவிடுவாள். லாரி ஓட்டுநருக்குச் சில சமயம் பெட்டி வந்து உட்கார்ந்ததே தெரியாது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்துக்கொள்வார்.

அந்தக் கைப்பக்குவத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வம்பு வந்தது அங்கிருந்துதான்.

அந்த வருட விளையாட்டு விழாவில் புதிதாக டெட்லிஃப்ட் போட்டி வைக்கப்போவதாக கேன்டீன் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். தரையில் கிடக்கும் இரும்புக் கம்பியை, அதில் மாட்டிய எடைத் தட்டுகளோடு, குனிந்து பிடித்து நிமிர்ந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் போட்டி. ஆளுக்கு மூன்று வாய்ப்பு. கலந்துகொள்கிறவர்கள் பக்கத்திலிருந்த வெள்ளைப் பலகையில் பெயரையும், தூக்கப்போகிற எடையையும் எழுத வேண்டும். விழாவுக்கு நான்கு மாதம் இருந்தது.

மெக்கானிக்தான் முதலில் எழுதினான். தோள் அகன்ற வாட்டசாட்டமான ஆள். பெயருக்கு எதிரே நூற்றெண்பது என்று போட்டு அடியில் இரண்டு கோடும் இழுத்தான். சாப்பிட்டுக்கொண்டே வேடிக்கை பார்த்த மேல்வீட்டுக்காரி, நாங்கள் முப்பது டன் தூக்குகிறவர்கள், இந்த நூற்றெண்பது கிலோவெல்லாம் எங்கள் கண்ணுக்கே தெரியாது என்று சும்மா ஒரு வார்த்தை விட்டாள்.

மெக்கானிக் திரும்பினான். "தூக்குறது மெஷின்க்கா. நீங்க உக்காந்துதானே இருக்கீங்க."

கேன்டீனே சிரித்தது. சோறு பரிமாறுகிறவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவள் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போய், இடது கையால் பேனாவை வாங்கி, பலகையில் நூறு என்று எழுதினாள். இடது கை எழுத்து என்பதால் கடைசிப் பூஜ்யம் கோணலாகப் போய் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அப்போது வரை தன் வாழ்நாளில் அவள் தூக்கிய அதிகபட்ச எடை, நிரம்பிய எரிவாயு சிலிண்டர். அதையும் பாதி தூரம் உருட்டித்தான் கொண்டு போவாள்.

அதோடு போயிருந்தால் யாரும் மறந்திருப்பார்கள். ஆனால் அவள் கணவருக்கு முடிதிருத்தும் கடை. மனைவி நூறு கிலோ தூக்கப்போகிறாள் என்ற செய்தியை, நாற்காலியில் வந்து உட்கார்ந்த ஒவ்வொரு தலையிடமும் அவர் சொன்னார். கத்தரி காதுக்குப் பக்கத்தில் இருக்கும்போது யார் மறுத்துப் பேசுவார்கள்? ஒரே வாரத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பால் வாங்கப் போன இடத்தில் முன்பின் தெரியாத ஒருவர், விழா எப்போதம்மா என்று கேட்டபோது, மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினாள்.

நல்லவேளையாக அண்ணி இருந்தாள். அண்ணன் மனைவி ஒரு காலத்தில் எடை தூக்கும் போட்டிகளில் மெடல் வாங்கியவள். இப்போது பழைய கார் ஷெட் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ரப்பர் பாய் விரித்து, பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துவந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேல்வீட்டுக்காரி அங்கே போய் நின்றாள். விஷயத்தைக் கேட்ட அண்ணி சிரிக்கவில்லை. முதலில் வெறும் கம்பியைக் கொடுத்தாள். வெறும் கம்பியே இருபது கிலோ. முதுகைக் கூனாதே, கம்பியைக் காலோடு ஒட்டி வை, கையால் இழுக்காமல் காலால் தரையை மிதித்து எழுந்திரு என்று ஒரு மணி நேரம் அதையே சொன்னாள். பிறகு தட்டுகளை மாட்டினாள். நாற்பது வந்தது. ஐம்பது முனகிக்கொண்டே வந்தது. ஐம்பத்தைந்து, ஆணி அடித்து வைத்ததுபோல் தரையிலேயே கிடந்தது.

அண்ணி ஒரு நோட்டை எடுத்து, பதினாறு வாரத்துக்கும் கட்டம் போட்டு, கடைசிக் கட்டத்தில் எழுபத்தைந்து என்று எழுதினாள்.

"நூறுன்னு எழுதிட்டு வந்திருக்கேன் அண்ணி."

"எழுதினது நீ. தூக்கப்போறது உன் இடுப்பு. அதுகிட்டக் கேட்டியா?"

மேல்வீட்டுக்காரிக்கு முகம் சுண்டிப்போனது. அண்ணி விடவில்லை. நூறு வராது என்று சொல்லவில்லை, வரும், ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ ஆகும், நான்கு மாதத்தில் வராது என்றாள். வாரத்துக்கு இரண்டு நாள் தூக்க வேண்டும், ஒரு வாரம் இரண்டரை கிலோ ஏறும், ஒரு வாரம் ஏறாது, நான்காவது வாரம் வேண்டுமென்றே குறைக்க வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும், வயிறாரச் சாப்பிட வேண்டும் என்று அடுக்கினாள். அதில் வயிறாரச் சாப்பிடுவது மட்டும் மேல்வீட்டுக்காரிக்கு உடனே பிடித்தது.

ஆறு வாரம் சொன்னபடி நடந்தாள். இரண்டரை கிலோ என்பது ஒரு பக்கத்துக்கு ஒன்றேகால் கிலோத் தட்டு. பிஸ்கட் அளவுதான் இருக்கும். இந்தப் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு எந்தக் காலத்தில் நூறுக்குப் போவது என்று அலுத்துக்கொண்டாலும், உடம்பு மாறுவது அவளுக்கே தெரிந்தது. கிரேன் ஏணியில் நடுவில் நின்று மூச்சு வாங்குவது நின்றுபோனது. சிலிண்டரை உருட்டாமல் தூக்கிப் போய் அடுப்படியில் வைத்தாள். கணவர் அதையும் கடையில் சொன்னார்.

ஏழாவது வாரம் அறுபது கிலோவைத் தொடர்ந்து மூன்று முறை தூக்கினாள். கம்பி பூப்போல வந்தது. அன்றைக்கென்று அண்ணிக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனாள். ஷெட்டில் வேறு யாரும் இல்லை. மேல்வீட்டுக்காரி பக்கத்துக்கு ஒரு பத்து கிலோத் தட்டை எடுத்து மாட்டினாள். எண்பது. தூக்கிக் காட்டிவிட்டால் அண்ணி அந்த நோட்டைக் கிழித்துப் போட்டுவிடுவாள் என்று மனக்கணக்கு. மூச்சைப் பிடித்து இழுத்தாள். கம்பி தரையை விட்டு ஒரு விரல் எழும்பியது. அந்த நேரம் பார்த்து முதுகு கூனியது. இடுப்புக்கு மேலே யாரோ கயிற்றைச் சுண்டி இழுத்ததுபோல் ஒரு வலி.

அண்ணி திரும்பி வந்தபோது அவள் ரப்பர் பாயில் மல்லாந்து கிடந்தாள். ஏன் கீழே படுத்திருக்கிறாய் என்று கேட்டதற்கு, சும்மாதான் அண்ணி, கூரையைப் பார்த்தேன் என்றாள்.

எலும்பில் ஒன்றுமில்லை, தசைப்பிடிப்புதான் என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் ஒன்பது நாள் வேலைக்குப் போக முடியவில்லை. செருப்பைக்கூடக் கணவர்தான் மாட்டிவிட்டார். நான்காம் நாள் அண்ணி பழங்களோடு வந்தாள். திட்டுவாள் என்று மேல்வீட்டுக்காரி பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தாள். அண்ணியோ பழத்தை நறுக்கிக்கொண்டே துறைமுகத்துக் கதை கேட்டாள்.

"உன் கிரேன் எவ்வளவு தூக்கும்?"

"நாப்பது டன்."

"மேனேஜர் அவசரம்னு அம்பது தூக்கச் சொன்னா?"

"யார் சொன்னாலும் தூக்க மாட்டேன். போன வருஷம்கூடச் சொன்னாங்க, மாட்டேன்னு எழுதியே கொடுத்தேன்."

அண்ணி ஒரு துண்டைத் தட்டில் வைத்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அது கிரேன் அண்ணி," என்றாள் மேல்வீட்டுக்காரி, அதை எடுத்துக்கொண்டே. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் முதுகு வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தாள். உள்ளே வந்த கணவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நமக்கெதுக்கு வம்பு என்று திரும்பிப் போனார்.

மூன்று வாரம் கம்பியைத் தொடவில்லை. பிறகு நாற்பதிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். போன வாரங்களை ஈடுகட்ட வேண்டாம், போனது போனதுதான் என்று அண்ணி கடைசிக் கட்டத்திலிருந்த எழுபத்தைந்தை அடித்துவிட்டு எழுபது என்று எழுதினாள். இந்த முறை மேல்வீட்டுக்காரி பேரம் பேசவில்லை. ஆனால் மனதை ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. கேன்டீன் பலகையில் அந்த நூறு இன்னும் நின்றுகொண்டிருந்தது. தினமும் அதற்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டியிருந்தது.

ஒருநாள் மதியம், ஆட்கள் நிறைந்திருந்த நேரத்தில், அவள் எழுந்து பலகையிடம் போனாள். புறங்கையால் நூறை அழித்தாள். எழுபது என்று எழுதினாள். இந்த முறை வலது கையால், நேராக.

மெக்கானிக்தான் வாயைத் திறந்தான். "என்னக்கா, முப்பது கிலோவை எங்க தொலைச்சீங்க?"

"தொலைக்கலப்பா. அது என்கிட்ட இருந்ததே இல்ல," என்றாள்.

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். காது மடல் சூடேறினாலும், போய் உட்கார்ந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டாள். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் சாப்பாடு ருசித்தது. மறுநாள் பார்த்தால் கிடங்கு எழுத்தர் தன் நூற்றைம்பதை நூற்றுப் பதினைந்தாக மாற்றியிருந்தார். அதற்கு அடுத்த நாள் வாசல் காவலாளியும் ஒரு இருபதைக் குறைத்திருந்தார். யாரும் யாரிடமும் காரணம் கேட்கவில்லை. மெக்கானிக்கின் நூற்றெண்பது மட்டும் இரண்டு கோட்டோடு அப்படியே நின்றது. அவன் அதுவரை தூக்கியதென்னவோ நூற்றைம்பதுதான் என்பதை அவனுடைய உதவியாளே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

விழா நாளன்று கன்டெய்னர்களுக்கு நடுவே இருந்த திடலில் மேடை போட்டிருந்தார்கள். கம்பியும் தட்டுகளும் அண்ணியின் ஷெட்டிலிருந்து வந்திருந்தன. கணவர் கடையைச் சாத்திவிட்டு வாடிக்கையாளர்கள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். முதல் வாய்ப்பில் சொன்ன எடையைப் பிறகு குறைக்க முடியாது என்பது விதி. அதனால் முதல் எடை, காய்ச்சலில் கிடந்தாலும் தூக்கக்கூடிய எடையாக இருக்க வேண்டும் என்று அண்ணி சொல்லியிருந்தாள். அறுபத்திரண்டரையில் தொடங்கினாள் மேல்வீட்டுக்காரி. கம்பி தடையில்லாமல் எழுந்தது. மேடையை விட்டு இறங்கி வந்து அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இடையில் மெக்கானிக்கின் முறை வந்தது; அவன் நேராக நூற்றெண்பது கேட்டான். முதல் இழுப்பில் கம்பி அசையவில்லை. இரண்டாவதில் முகம் செங்கல் நிறமானது, கம்பி அப்படியே கிடந்தது. மூன்றாவதில் பிடி நழுவி அப்படியே பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டான். பலகையில் அவனுக்குப் பூஜ்யம் விழுந்தது. மேல்வீட்டுக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. ரப்பர் பாயில் தான் கூரை பார்த்த நாள்தான் நினைவுக்கு வந்தது. தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் போய் அவன் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்து எழுபது. குனிந்தாள். காலால் தரையை மிதித்தாள். முழங்காலுக்குக் கீழே கம்பி ஒரு கணம் யோசித்தது. கூட்டத்தில் கணவரின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. பிறகு கம்பி மேலே வந்தது, இடுப்பு நிமிர்ந்தது, இறக்கலாம் என்று நடுவர் கையைக் கீழே காட்டினார். கம்பியைப் போடாமல், கப்பலிலிருந்து பெட்டியை இறக்குகிற பதவிசோடு மெதுவாக வைத்தாள். துறைமுக ஆட்களுக்கு அது புரிந்தது. விசில் பறந்தது.

மூன்றாவது வாய்ப்புக்கு எழுபத்தைந்து கேட்கலாமா என்று அண்ணியைப் பார்த்தாள். அண்ணி பையிலிருந்து அந்தப் பிஸ்கட் தட்டு இரண்டை எடுத்துக் காட்டினாள். எழுபத்திரண்டரை. அது எழும்ப எடுத்துக்கொண்ட நேரத்தில் வாடிக்கையாளர்களில் ஒருவர் கண்ணையே மூடிக்கொண்டார். ஆனால் எழும்பியது.

முதல் பரிசு, கப்பலில் பெட்டிகளைக் கட்டும் தொழிலாளி ஒருவருக்குப் போனது. கலந்துகொண்ட பதினோரு பேரில் அவளுக்குப் பத்தாவது இடம். பதினோராவது மெக்கானிக். தண்ணீர் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க வந்தவன், அந்த ஷெட்டில் ஆம்பளைகளையும் சேர்ப்பார்களா என்று தரையைப் பார்த்துக் கேட்டான். அண்ணி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முதல் மாதம் தான் சொல்கிற எடையை மட்டும் தொடுவதாக இருந்தால் வரலாம் என்றாள்.

திடல் காலியான பிறகு இரண்டு பெண்களும் தட்டுகளை ஒவ்வொன்றாக உருட்டி அண்ணியின் காரில் ஏற்றினார்கள். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. மேல்வீட்டுக்காரி அதை ஊதிக்கொண்டே தானாகச் சொன்னாள். "அடுத்த ஆறு மாசத்துக்கு எண்பது."

"நான் எண்பத்தஞ்சு எழுதலாம்னு இருந்தேன்."

"எண்பது போதும் அண்ணி. மேல வந்தா வரட்டும்."

அண்ணி கார் கதவைச் சாத்தினாள். இருவருக்கும் அகோரப் பசி. கணவரையும் நான்கு வாடிக்கையாளர்களையும் தேடிப் பிடித்து, எல்லோருமாகச் சாப்பிடப் போனார்கள்.