குருவிக்கு ஒரு வாத்தியம்

என் அக்கா வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் காது கிழியும். அடுத்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள், புருஷனும் பெண்டாட்டியும் அடித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்து விலக்கிவிட ஓடி வருவார்கள். வந்து பார்த்தால் இருவரும் அக்கடா என்று உட்கார்ந்து, நாளைக்கு மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு பேருக்கும் துணி ஆலையில் தறிக்கூடத்தில் வேலை. தறிகள் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அங்கே பேசுவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. முதலில் தோளைத் தொட வேண்டும், எட்டவில்லை என்றால் இரும்புச் சட்டத்தில் தட்ட வேண்டும். ஆள் திரும்பியதும் முகத்துக்கு நேரே, உதட்டை நன்றாகத் திறந்து மூடிப் பேச வேண்டும். அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். வீடு மாடியில், பலகைத் தரை. சட்டத்தில் தட்டுவதற்குப் பதிலாகக் காலால் ஓங்கி ஓர் உதை. எந்த அறையில் இருந்தாலும் ஆள் திரும்பிவிடும். மாமாவுக்கு ஒரு காது முழுக்கப் போய்விட்டது. இன்னொன்று போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. அவரிடம் ரகசியம் சொல்வதும் மைக் வைத்து ஊருக்கே அறிவிப்பதும் ஒன்றுதான் என்று நான் கிண்டல் செய்வேன். அதுவும் அவருக்குக் கேட்காது.

இந்த வீட்டில் பிறந்தவள்தான் அக்கா மகள் குருவி. வயது ஐந்து. தொட்டால் திரும்பும், முகத்தை உற்றுப் பார்க்கும், டக்கென்று பதில் சொல்லும். என்னை இன்னும் 'தித்தி' என்றுதான் கூப்பிடும். மழலை போகவில்லை என்று எங்களுக்கு அதில் ஒரே பெருமை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா?

பள்ளிக்கூடத்து டீச்சருக்குத்தான் பெருமை இல்லை. அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"உங்க பொண்ணுக்குக் கவனமே இல்லம்மா. என்னைப் பார்த்துட்டு இருக்கற வரைக்கும் ஒழுங்கா இருக்கா. நான் போர்டுல எழுதிக்கிட்டே பேசினா போதும், ஜன்னலைப் பார்க்க ஆரம்பிச்சுடறா. கூப்பிட்டாலும் திரும்பறதில்ல. திமிரோன்னு இருக்கு. இப்படியே போனா அடுத்த வருஷமும் இதே கிளாஸ்தான். ஏதாவது ஒரு வாத்தியம் கத்துக்கொடுங்க, மனசு ஒரு இடத்துல நிக்கும்."

அக்கா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. "எங்கள மாதிரி தறிக்கே வந்து நிக்கப் போறாடி" என்று என்னிடம் புலம்பினாள். எனக்கு டீச்சர் மேல் கோபம் கோபமாக வந்தது. ஐந்து வயதில் என்ன திமிர்? ஆனாலும் விடுமுறை நாளாகப் பார்த்து, நான்கு பேருமாக வாத்தியக் கடைக்குக் கிளம்பினோம்.

வழி முழுக்கச் சண்டைதான். அக்காவுக்கு வயலின் வேண்டும். அதை வைத்துக்கொண்டு நின்றாலே பெரிய மனுஷத்தனமாக இருக்குமாம். மாமாவுக்குக் கீபோர்டு, நிறையப் பொத்தான்கள் இருந்தால்தான் அவருக்கு ஒரு பொருளின் மேல் மரியாதை. நான் பேருந்து நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுக்கிறவள். நாள் முழுக்கச் சத்தத்தோடு மல்லுக்கட்டும் எனக்கு, சின்னதாக, சீக்கிரம் தொலைந்துபோகிற மாதிரி எதையாவது வாங்கினால் போதும். குருவியின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. அது மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பேசுகிறவர் முகத்தையெல்லாம் மாற்றி மாற்றிப் பார்த்தபடி வந்தது.

கடைக்காரர் ஒல்லியான, பொறுமையான மனிதர். "முதல்ல எல்லாத்தையும் தொட்டுப் பார்க்கட்டும். கை எதுக்குப் போகுதோ அதுதான்" என்றார்.

வயலினை எடுத்துத் தோளில் வைத்து இழுத்துக் காட்டினார். குருவி கொஞ்ச நேரம் வில் போய் வருவதைப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது. அக்காவின் முகம் தொங்கிப்போனது.

கீபோர்டு முன்னால் உட்காரவைத்ததும் மாமா நெஞ்சை நிமிர்த்தினார். குருவி இடது ஓரத்துக் கட்டைகளை அழுத்தி, 'தொம் தொம்' என்று வந்ததும் சிரித்தது. அப்படியே நகர்ந்து வலது ஓரத்துக்கு வந்தது. ஒன்றை அழுத்தியது. இன்னொன்றையும் அழுத்திவிட்டுக் கடைக்காரரைப் பார்த்தது.

"அங்கிள், இது வேலை செய்யல."

அது சொல்லும்போதே அந்தக் கட்டை எங்கள் காதுக்குள் ஊசி மாதிரி 'கீ'யென்று ஒலித்துக்கொண்டிருந்தது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "கொழுப்பைப் பாருங்க. புதுச் சாமான்ல குத்தம் கண்டுபிடிக்கிறா" என்றாள். நானும் சிரித்தேன்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. ஒரு சின்னப் புல்லாங்குழலை எடுத்து வாயில் வைத்து, அதன் உச்சத்தில் ஊதினார். குருவி அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. அவர் ஊதி முடித்தார்.

"ஊதுங்க அங்கிள்" என்றது குருவி.

நான் சிரிப்பை நிறுத்தினேன். கடைக்காரர் ஒரு பெரிய டிரம்மை இழுத்துவந்து வைத்தார். குருவி அதை ஒரு தட்டுத் தட்டியது. பிறகு கன்னத்தை அதன் தோலின் மேல் வைத்துக்கொண்டு மறுபடி தட்டியது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதன் முகத்தில் பார்த்ததே இல்லை. கடைக்காரர் அதன் பின்னால் போய் நின்று ஒரு மணியை ஆட்டினார். கடைக்கோடியில் இருந்த ஒரு கைக்குழந்தை திரும்பிப் பார்த்தது. குருவி தட்டிக்கொண்டே இருந்தது.

அவர் மாமாவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "சார், தப்பா நினைக்காதீங்க. குழந்தைக்கு..."

"என்னங்க? சத்தமா சொல்லுங்க!"

"காது..."

"ஆமா, எனக்குக் காது கொஞ்சம் மந்தம். உரக்கப் பேசுங்க!"

பாவம், அந்த மனிதர் என்ன செய்வார்? கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கத்த வேண்டியதாயிற்று. "உங்களுக்கு இல்ல சார்! குழந்தைக்கு! குழந்தைக்குக் காது கேக்கலையோன்னு தோணுது!"

மாமாவின் முகம் ரத்தமாய்ச் சிவந்தது. "யாருக்கு? என் பொண்ணுக்கா? நான் கூப்பிட்டா எந்த மூலையில இருந்தாலும் வருவா, தெரியுமா? இப்ப பாருங்க!" குழந்தையின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, "குருவீ!" என்று அடித்தொண்டையில் கத்தினார்.

குருவி உடனே திரும்பி அப்பாவைப் பார்த்துச் சிரித்தது.

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" மாமா எல்லோரையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கடைக்காரர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் பலகைத் தரைதான். "சார், நீங்க கூப்பிடும்போது காலை உதைச்சீங்க" என்றார் சத்தமாக.

மாமா தன் காலைக் குனிந்து பார்த்தார். அவர் உதைத்தது அவருக்கே தெரியவில்லை. வீட்டில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம், நான் உட்பட. உதைக்காமல், தொடாமல், முகத்தைக் காட்டாமல் அந்தக் குழந்தையை யாராவது ஒருமுறையாவது கூப்பிட்டிருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தேன். ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை.

குருவி மறுபடி டிரம் பக்கம் திரும்பிக்கொண்டது. இந்த முறை அக்கா போனாள். செருப்பைக் கழற்றிவிட்டு, அடிமேல் அடி வைத்துப் போய்ப் பின்னால் நின்றாள். இடி கேட்காத தறிக்கூடத்திலும் மேஸ்திரி வரைக்கும் எட்டுகிற கீச்சுக் குரல் அவளுடையது. ஆலையில் அதற்கு ஒரு பேரே உண்டு.

"குருவி" என்றாள். பிறகு இன்னும் உரக்க. பிறகு அலறினாள். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். அந்தச் சின்ன முதுகு மட்டும் அசையவில்லை. கன்னத்தை டிரம்மில் வைத்தபடி தட்டிக்கொண்டே இருந்தது.

"இன்னொரு தடவை கூப்பிடு" என்றார் மாமா. அக்கா கூப்பிடவில்லை.

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. ஆலை மேல், டீச்சர் மேல், 'தித்தி' 'தித்தி' என்று கொஞ்சிக் குலாவிய எங்கள் எல்லோர் மேலும் வந்தது. கடைக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, காது டாக்டர் ஒருவரின் பெயரைச் சொன்னார். மருத்துவம் இருக்கிறது, கருவி இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றார். மாமாவுக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. "அந்த டிரம்மைக் கட்டிக் கொடுங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்குப் பின்னாலிருந்து, "என் கண்ணே, எனக்குத் தெரியலையே, தெரியாமப் போச்சே" என்று அழுகையும் பேச்சுமாக வந்தது.

எதற்கோ திரும்பிய குருவி அம்மாவைப் பார்த்தது. டிரம்மை விட்டுவிட்டு ஓடி வந்து, அவள் மடிமேல் ஏறி, முகத்தருகே முகத்தை வைத்துக்கொண்டு, வாயை மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தது.

"கையை எடும்மா. நீ பேசறது கேக்கல."