ஏழு மணி மாத்திரை

வசந்தாவுக்கு மைக் கொடுப்பது வீண் என்று சபையில் எல்லோருக்கும் தெரியும். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இட்லிக் கடை போட்டுப் பதினோரு வருஷமாகக் கூவிக் கூவி உரமேறிய தொண்டை அது. அவள் குரல் கொடுத்தால், திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவன்கூட இறங்கி வந்து நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். இருந்தும் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் போதகர் முதலில் மைக்கை நீட்டுவது அவளிடம்தான். சிங்கவரம் சாலையில் தகரக் கூரை போட்ட சின்ன சபை. கூரைமேல் தெருவைப் பார்த்தபடி ஒரு ஸ்பீக்கர்.

ஜெபக் குறிப்பு சொல்வதில் வசந்தாவுக்கென்று ஒரு கொள்கை உண்டு. யாருக்காக ஜெபிக்கிறோமோ அவர்கள் பேர், வீடு, வியாதி மூன்றையும் விளக்கமாகச் சொல்லிவிட வேண்டும். அரைகுறையாகச் சொல்லி, ஆண்டவர் அடுத்த தெருவில் யாரையாவது குணமாக்கிவிட்டால் என்ன செய்வது?

அந்த வெள்ளிக்கிழமை அவள் மனசு கனத்துப் போயிருந்தது. காலையில் குழாயடியில் பக்கத்து வீட்டுச் சாமுண்டீஸ்வரி குடத்தை வைத்துவிட்டு அழுதாள். கல்யாணமாகி எட்டு மாசமே ஆன மகள் பூங்குழலிக்கு டி.பி. வெறும் இருமல் என்று சொல்லித் தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருந்தாள். மாப்பிள்ளை வெற்றிவேலுக்கு விஷயம் தெரியும். திண்டிவனத்தில் இருக்கும் மாமியாருக்குத் தெரியாது. ஆறு மாசம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"யாராண்டயும் சொல்லிடாத வசந்தா. பொண்ணு வாழ்க்க போயிடும்."

"ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாது, நீ போ" என்று வசந்தா வாக்குக் கொடுத்தாள். மனசாரத்தான் கொடுத்தாள். ஆண்டவரிடம் சொல்வது அந்த வாக்கில் சேராது என்று நினைத்ததுதான் அவள் செய்த தப்பு.

"இயேசப்பா! எங்க பக்கத்து வூட்டு சாமுண்டீஸ்வரி மக பூங்குழலிக்கு டி.பி. நோவு ஆண்டவரே! மாமியார் வூட்டுக்குத் தெரியாம மறைச்சி வெச்சிக்கினு தவிக்குது ஆண்டவரே!"

கண்ணை மூடிக்கொண்டு, தாரை தாரையாகக் கண்ணீர் வழிய, உருகி உருகிச் சொன்னாள். ஸ்பீக்கர் அதைத் தெருத் தெருவாகக் கொண்டுபோனது. மிச்சத்தை ராஜகிரி மலை வாங்கித் திருப்பி அனுப்பியது. சாயங்காலத்துக்குள் செய்தி பஸ் ஏறித் திண்டிவனம் போய்ச் சேர்ந்துவிட்டது. மாமியார் போனில் பேசியது ரொம்பக் கொஞ்சம். "பொண்ண அங்கயே வெச்சிக்கோங்க. இங்க அனுப்பாதீங்க."

மறுநாள் காலை அது வசந்தாவின் காதில் விழுந்தது. கடையை அப்படியே போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்க ஓடினாள். போகிற வேகத்தில் அலமாரியிலிருந்து ஒரு புதிய ஏற்பாட்டையும் எடுத்துக்கொண்டாள். அது இரண்டாவது தப்பு.

சாமுண்டீஸ்வரி வாசலிலேயே மறித்துக்கொண்டாள். "உன்ன நம்பிச் சொன்னனே! ஊரக் கூட்டி ஏலம் போட்டுட்டியே! இதுல புக்கு வேற எடுத்துனு வந்துட்டியா?"

"தப்பு பண்ணிட்டேன் சாமுண்டி. அவளுக்காக வேண்டத்தான்…"

"இன்னா வேண்டுன? அவ மாத்திரையத் தூக்கி எறிஞ்சிட்டா. இனிமே வாழ்ந்து இன்னா ஆவப்போவுதுன்னு சுவத்தப் பாத்துப் படுத்துக்கினு இருக்குறா. உன் சாமி வந்து அவள முழுங்க வெக்குமா?"

வசந்தா புத்தகத்தை முந்தானைக்குள் சொருகிக்கொண்டாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அவமானத்தில் மூலையில் உட்கார்ந்துவிடுகிற பிறவி இல்லை அவள்.

"சாமி அனுப்புறாரோ இல்லியோ, நாளைக்குக் காலையில மாத்திரை வேளைக்கு, ஏழு மணிக்கு, நான் வருவேன்" என்றாள்.

அங்கிருந்து நேரே போதகர் வீட்டுக்குப் போனாள். "ஸ்பீக்கர எறக்கிடுங்க ஐயா" என்றாள்.

நடந்ததைக் கேட்டு அவரும் வருத்தப்பட்டார். ஆனாலும் தயங்கினார். "சுவிசேஷம் தெருவுக்குப் போவணுமேம்மா?"

"நான் போறேன் ஐயா. எனக்குக் கால் இருக்குது." அன்று சாயங்காலமே ஸ்பீக்கர் கூரையிலிருந்து இறங்கியது.

சொன்னபடியே ஏழு மணிக்குத் தூக்கு நிறைய இட்லியும் இரண்டு அவித்த முட்டையுமாகப் போய் நின்றாள். கதவு திறக்கவில்லை. தூக்கைத் தாழ்ப்பாளில் மாட்டிவிட்டு வந்தாள். மத்தியானம் அது தொட்டுக்கூடப் பார்க்காமல் அவள் வாசலுக்கே திரும்பி வந்தது. இரண்டாம் நாளும் அதே கதைதான். கடையில் கூட்டம் அலைமோதுகிற நேரத்தில் இவள் போய் மூடிய கதவுக்கு முன்னால் நிற்பதைப் பார்த்து, எதிர் டீக்கடைக்காரர் சிவசங்கர் கேலி செய்தார். "இன்னா வசந்தாக்கா, ஆள் புடிக்கப் போனீங்களே, மாட்டலியா?" வசந்தா கண்டுகொள்ளவில்லை.

மூன்றாம் நாள் பூங்குழலியே கதவைத் திறந்தாள். கன்னம் ஒட்டிப்போய், வாயில் துணி கட்டியிருந்தாள்.

"எதுக்கு அத்த வர்ற? உங்க சபைக்கு ஆள் சேக்கவா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். வசந்தாவுக்குப் பொய் வராது.

"ஆசை இருக்குதும்மா. எனக்குக் கெடைச்ச ஆறுதல் உனக்கும் கெடைக்கணும்னு இருக்குது. இல்லன்னா நான் மனுஷியே இல்ல. ஆனா மாத்திரைக்கும் அதுக்கும் முடிச்சு போட மாட்டேன். நீ எங்க சபை வாசல மிதிக்கவே மாட்டேன்னாலும் நான் ஏழு மணிக்கு வருவேன். உன்னக் கெடுத்தது என் வாயி. நீ மாத்திரை முழுங்குறத என் கண்ணால பாத்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும்."

பூங்குழலி உள்ளே போய், தூக்கி எறிந்த மாத்திரை அட்டையைத் தேடி எடுத்து வந்தாள்.

அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. ஏழு மணிக்கு மாத்திரை, அரை மணி கழித்து இட்லி. மழையோ வெயிலோ, கடையில் கூட்டமோ காலியோ, வசந்தா நாள் தவறவில்லை. வேதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாயை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினோரு வருஷத்தில் முதல் முறையாக ஆராதனைக்குப் போகாமல் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினாள். மாமியார்க்காரி உட்காரக்கூடச் சொல்லவில்லை. வசந்தா நின்றுகொண்டே, தப்பு தன்னுடையது என்றும், டாக்டரிடம் நேரில் வந்து கேட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். "மருந்து முடியட்டும், பாக்கலாம்" என்றாள் அந்த அம்மாள். அதுவே பெரிசு என்று வசந்தா திரும்பி வந்தாள்.

மூன்றாவது மாசம் ஒரு காலை, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பூங்குழலி கேட்டாள்: "ஆறுதல் கெடைச்சுதுன்னியே அத்த, அது இன்னா?"

சாமுண்டீஸ்வரி அடுப்படியில் பாத்திரம் துலக்குவதை நிறுத்தினாள். இந்தக் கேள்விக்கு வசந்தாவிடம், ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்லும் முக்கால் மணி நேரச் சாட்சி ஒன்று தயாராக இருந்தது. மைக்கில் பலமுறை சொன்னதுதான். இன்றைக்கு அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

"எங்க வூட்டுக்காரரு லாரியில அடிபட்டுப் போனப்ப, எதிர்ல வந்தவங்க என்னப் பாத்து ஒதுங்கிப் போனாங்க. சகுனம் சரியில்லன்னு. சபையிலர்ந்து ரத்தினம்மாள்னு ஒரு அம்மா வந்தாங்க. ஒண்ணும் பேசல. என்கூட உக்காந்து என் கையால சோறு வாங்கிச் சாப்ட்டாங்க. நாப்பது நாள் வந்தாங்க. ஏன் வர்றீங்கன்னு நான்தான் கேட்டேன். அப்பதான் இயேசு பேரச் சொன்னாங்க. யாரும் தொடாதவங்களத் தேடிப் போய்த் தொட்டவரு, அவருதான் என்ன அனுப்புனாருன்னாங்க. அன்னியிலர்ந்து நான் தனியா இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அந்த ரத்தினம்மாள் ஆயுசில் ஒரு தடவைகூட மைக்கைத் தொட்டதில்லை.

ஆறு மாசம் முடிந்தது. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. வெற்றிவேல் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, தை மாசம் அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த வெள்ளிக்கிழமை போதகர் வழக்கம்போல் மைக்கை நீட்டினார். வசந்தா வேண்டாம் என்று கையால் சொல்லிவிட்டு எழுந்து நின்றாள்.

"ஆண்டவரே, ஒரு பிள்ளைக்குச் சுகம் குடுத்தீங்க. ஸ்தோத்திரம். பேரு உங்களுக்குத் தெரியும்."

அவ்வளவுதான். சபையே கண்ணைத் திறந்து பார்த்தது. வசந்தா இத்தனை சீக்கிரம் முடித்து யாரும் கண்டதில்லை.

"பேரு பூங்குழலி" என்று வாசல் பக்கம் ஒரு குரல் கேட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு அவள் உள்ளே வந்தாள். பின்னால், நெற்றி நிறையக் குங்குமத்தோடு, கையில் அந்தத் தூக்கோடு சாமுண்டீஸ்வரி நின்றாள்.

"டி.பி. இருந்துச்சி. இப்ப இல்ல" என்றாள் பூங்குழலி, எல்லோர் முகத்தையும் பார்த்து. "நானே சொல்லிக்கிறேன் அத்த."

செஞ்சி முழுக்கக் கேட்கும் அந்தத் தொண்டையிலிருந்து ஒரு அல்லேலூயாகூட எழும்பவில்லை. வசந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நகர்ந்து உட்கார்ந்து, பாயில் இரண்டு பேருக்கு இடம் விட்டாள்.