காலித் தட்டு

தட்டில் இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு கிண்ணம் சூப்பும் இருந்தன. தையல்காரர் வார்டுக் கதவை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு மனைவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவசர அவசரமாகத் தின்று முடித்தார். நேற்று மாலையிலிருந்து இது இரண்டாவது தட்டு.

அவரைத் தின்னிப்பண்டாரம் என்று நினைத்துவிட வேண்டாம். நேற்றுக் காலை அவர் மனைவிக்கு ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. சாயங்காலமே டாக்டர் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்கலாம், லேசாகச் சாப்பிடலாம் என்று சொன்னார். டாக்டர் தலை மறைந்ததும் தையல்காரரின் அக்கா தம்பியைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனாள்.

"அவங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாங்க. சாப்பிட்டு வயிறு உப்புச்சுன்னா தையல் தாங்குமா? மூணு நாள் நாக்கை நனைச்சா போதும். எனக்கும் அப்படித்தான் செஞ்சாங்க."

இறுக்கமான சட்டையில் தையல் விட்டுப்போவதைத் தினமும் பார்க்கிற மனிதர், நம்பாமல் என்ன செய்வார்? நர்ஸிடம் மல்லுக்கட்டவும் தைரியமில்லை. ஆகவே வந்த தட்டை வழித்துத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். 'சாப்பிட்டாச்சு' என்று நர்ஸும் எழுதிக்கொண்டார்.

"ஒரு வாய் தண்ணியாவது குடுங்களேன்," என்றாள் மனைவி.

"பொறுத்துக்கம்மா, உன் நல்லதுக்குத்தான்."

இன்று காலை பத்து மணிக்கு நர்ஸ் அவளை நடக்க வைக்க எழுப்பினார். இரண்டாவது அடியிலேயே கால் துவண்டு நர்ஸின் தோளில் சாய்ந்தாள். டாக்டர் ஓடி வந்து பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை, மெதுவாகக் குடிக்கக் கொடுங்கள் என்றார். தொட்டிலில் குழந்தை பாலுக்கு வீறிட்டுக்கொண்டிருந்தது.

"ரெண்டு வேளையும் நல்லா சாப்பிட்டவங்களுக்கு ஏன் இப்படி வருது?" என்ற நர்ஸின் பார்வை, தையல்காரரின் சட்டையில் சொட்டியிருந்த சூப்பில் வந்து நின்றது. அவர் திருடனுக்குத் தேள் கொட்டியது போல் விழித்தார்.

"தையல் விட்டுடுமேன்னு..."

"சாப்பாடு போற இடம் வேற, தைச்ச இடம் வேற. நூல் இல்லாம மிஷினை ஓட்டினா துணி சேருமா? புண்ணு ஆறணும், பால் ஊறணும். ஆகாரம் இல்லாம எங்கேர்ந்து வரும்? சந்தேகம்னா எங்களைக் கேக்க வேண்டியதுதானே?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. மனைவியின் வெடித்த உதட்டைப் பார்த்தபோது அதைவிட அழுகை முட்டியது.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா நர்ஸோடு சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ நாத்தனார் முறுக்கையெல்லாம் விட்டுவிட்டு, தம்பி மனைவியின் தலையைத் தாங்கி, ஸ்பூனால் தண்ணீர் புகட்டினாள்.

"எனக்கும் அந்த மூணு நாள் பசிச்சுதுடா," என்றாள் தம்பியிடம். "அழுது கேட்டேன், யாரும் குடுக்கல. அதையே இவளுக்கு நான் செஞ்சிருக்கேன் பாரு. டாக்டர் சாப்பிடச் சொன்ன பிறகும் பெத்தவளைப் பட்டினி போடறது பத்தியம் இல்லடா, பாவம்."