வலது பக்கம் மந்தம்

மூன்றாவது ஹெட்போனையும் கழற்றிக் கண்ணாடி மேசைமேல் வைத்தான் அண்ணன். "இதுவும் சரியில்ல. வலது பக்கம் மந்தமா இருக்கு."

கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். "தம்பி, மூணும் மூணு கம்பெனி. மூணுக்கும் ஒரே நாள்ல வலது பக்கம் பக்கவாதம் வந்துடுச்சா?"

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. நாளை சாயங்காலம் மண்டபத்தில் நிகழ்ச்சி. போன தடவை பாதிக் கூட்டம் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய் நின்றது. "தகரத்துல ஆணியால கீறற மாதிரி இருக்கு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்க ரெண்டு பேருக்கும் பெரிய கும்பிடு" என்று மண்டபத்து மேலாளர் சொன்னபோது, அண்ணன் எல்லார் முன்னாலும் அவளைக் கைகாட்டினான். "மிக்ஸிங் இவதான் சார். நான் போடறவன்தான்."

பொய்யில்லை. பின்னறையில் உட்கார்ந்து தாளம், குரல், அடித்தொனி என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறைத்துப் பாட்டைக் கட்டுவது அவள். டி.ஜே.யாக மேடையேறி, ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக் கூட்டத்தை ஆட வைப்பது அவன். சுவரொட்டியில் அவன் படம் மட்டும்தான் இருக்கும், கீழே பெரிய எழுத்தில் 'இடி' என்று அவன் மேடைப் பெயர். ஆக்கினவள் அடுப்படியிலே, அள்ளிப் போட்டவன் ஊர் வாயிலே. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அந்தக் கைகாட்டலைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஏனென்றால் அந்தக் கீறல் அவள் வைத்ததல்ல. ஒவ்வொரு பாட்டையும் முடித்துக் கொடுக்கும்போது அவன் உதட்டைப் பிதுக்குவான். "பளிச்சுனு இல்ல. சிம்பல் எங்க போச்சு? ஏத்து." தாளத் தட்டின் சத்தத்தை ஏற்றுவாள். "இன்னும் ஏத்து." காதைக் குத்துமே என்றால் பதில் தயாராக இருக்கும். "உன் காது புஸ்தகத்துல இருக்கு. மேடை வேற." அவர்கள் வீட்டுக்கு வந்த முதல் டிகிரி அவளுடையது. பெருமையடிக்க ஒரு தடவை பயன்பட்டது, குத்திக்காட்ட தினமும் பயன்பட்டது. மாதக்கணக்கில் இதையே கேட்டுக் கேட்டு, நம் காதுதான் கோளாறோ என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள். அவளுடைய பழைய ஹெட்போன்தான் ஏமாற்றுகிறது என்று அவன் தீர்ப்புச் சொன்ன பிறகு, இரண்டு பேரும் கடைக்கு வந்திருந்தார்கள்.

வந்ததிலிருந்து சண்டை. இருக்கிற பணத்துக்கு ஒன்றுதான் வாங்க முடியும். காதை மூடாமல் காற்றோட்டமாக இருக்கும் வகை வேண்டும் என்றாள் அவள். வீட்டில் மிக்ஸிங் செய்ய அதில்தான் உள்ளது உள்ளபடி கேட்கும். மேடை இரைச்சலில் அதை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா என்றான் அவன். அவனுக்குக் காதை இறுக்கி மூடுகிற வகை வேண்டும். ஒரு பக்கக் கிண்ணத்தைத் திருப்பி விட்டு, ஒற்றைக் காதில் அடுத்த பாட்டைக் கேட்டுக்கொண்டே மறு காதால் மண்டபத்தைக் கேட்க வேண்டும். சத்தமும் வேண்டும்.

"தம்பிக்குச் சத்தம்தான் குறியா இருக்கு" என்றார் கடைக்காரர். "சத்தமானது உள்ள ஒண்ணு இருக்கு. எடுத்துட்டு வரேன். அதுவும் மந்தம்னா என் கடையிலதான் வாஸ்து சரியில்ல." அலமாரிகளுக்கு இடையே புகுந்து பின்பக்கம் போனார்.

மேசைமேல் கேட்டுப் பார்ப்பதற்கென்று ஒரு சின்னப் பெட்டி இருந்தது. ஒலியை இடதுக்கும் வலதுக்கும் தள்ளுகிற குமிழ் அதில் உண்டு. பெட்டியில்தான் கோளாறு என்று அவள் நினைத்தாள். ஹெட்போனைத் தன் தலையில் மாட்டிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் கேட்டது. குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினாள். பெட்டி சுத்தம்.

அவள் திரும்பி அண்ணனின் வலது காதைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை போட்டுப் பாரு" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. நாளைக்கு வாசிக்க வேண்டிய பாட்டிலிருந்து சிம்பலை மட்டும் தனியாக எடுத்துப் போனிலிருந்து ஓட்டினாள். சீச்சீச்சீ என்று மெல்லிய உலோகச் சத்தம். அவன் தலையாட்டினான், விரலால் மேசையில் தாளம் தட்டினான். குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் தள்ளினாள், முழுவதும்.

அவன் விரல் நின்றது.

"ஏன் பாட்டை நிறுத்தின?"

பெட்டியின் பச்சை விளக்குகள் துள்ளிக்கொண்டிருந்தன. பாட்டு நிற்கவில்லை. அவள் விளக்கையே பார்த்தாள். அவள் பார்வை போன இடத்தை அவனும் பார்த்தான். பிறகு குமிழைப் பார்த்தான்.

ஹெட்போனைக் கழற்றி மெதுவாக வைத்தான்.

"எந்தக் காதுலண்ணா மேடையில மாட்டிக்குவ?"

"உனக்கே தெரியும்."

"வலது. எப்பவும் வலது. மண்டபச் சத்தத்தை அமுக்கணும்னு வால்யூமை முழுசாத் திருகி வெச்சு."

"கத்தாத."

"நான் கத்தல. உனக்கு இது கத்தற மாதிரி கேக்குதுன்னா சந்தோஷம்."

அவன் அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். உள்ளே அட்டைப்பெட்டி நகரும் சத்தம். "கொஞ்ச நாளா ஒரு விசில் சத்தம். தூங்கினா போயிடும்னு நெனச்சேன். போகல."

"தெரியுமா?" அவள் குரல் இறங்கியது. இறங்கினால்தான் அவளுக்கு ஆபத்தான கோபம். "காது போச்சுன்னு தெரிஞ்சுகிட்டேதான் என்னைச் செவிடுன்னு சொன்னியா?"

"செவிடுன்னு சொல்லல."

"புஸ்தகக் காதுன்னு சொன்ன. மேனேஜர் முன்னாடி கைகாட்டின. ராத்திரி பகலா நான் போட்ட மிக்ஸ்ல நீயே ஆணியைச் சொருகச் சொல்லிட்டு, கடைசியில பழியை என் தலையில கட்டின."

"பின்ன என்ன பண்ணச் சொல்ற? 'இடி'க்கு காது கேக்கலன்னு போஸ்டர்ல போடவா? எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு. நீ படிச்சிருக்க, எங்கயாவது போய் பொழைச்சுக்குவ. நான்?"

அந்தக் கேள்வி அவளைத் தைத்தது. தைத்தாலும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அவனுக்கு வேறெதுவும் தெரியாது என்பதற்காக, தனக்குத் தெரிந்ததை அவள் ஏன் இல்லையென்று சொல்ல வேண்டும்?

"நாளைக்கு பழைய மிக்ஸ்தான் போகும். நீ ஏத்தச் சொல்றதுக்கு முன்னாடி நான் போட்டது. நீ மேடையில வெறும் மைக்கைப் பிடி. மெஷின்கிட்ட நான் நிக்கறேன். இங்கிருந்து நேரா காது டாக்டர்கிட்ட போறோம்."

"முடியாதுன்னா?"

"பாட்டு எல்லாம் என் கம்ப்யூட்டர்ல இருக்கு. நீ போய் மண்டபத்துல கை தட்டிட்டு வா."

"மிரட்டறியா?"

"ஆமா."

கடைக்காரர் தூசி தட்டிக்கொண்டே வந்து ஒரு பெட்டியை நீட்டினார். "இந்தாங்க தம்பி. போட்டா மண்டை அதிரும். மேடைக்காரங்க எல்லாம் கொத்திட்டுப் போற சரக்கு."

அண்ணன் பெட்டியை வாங்கினான். பிரிக்கவில்லை. அவள் அவன் கையையே பார்த்தாள். அவன் பிரித்தால் எல்லாம் முடிந்தது. நாளைய மேடை, இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய இத்தனை நாள் வேலை, மிச்சமிருக்கும் அந்த இன்னொரு காது, எல்லாம்.

அட்டையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றான். பிறகு அதை மேசைமேல் தள்ளி வைத்துவிட்டு, முதலில் பார்த்த கறுப்பு ஹெட்போனை எடுத்தான். காதை நன்றாக மூடுகிற வகை, சத்தம் அவ்வளவு கிடையாது. அதன் வளையத்தை இரண்டு பக்கமும் உள்ளே தள்ளிச் சின்னதாக்கி அவள் தலையில் மாட்டினான். கடை வாசலில் போன பேருந்தின் இரைச்சல் பாதியாகக் குறைந்தது.

கிண்ணத்தைக் கொஞ்சம் விலக்கிக் கேட்டான். "இறுக்குதா?"

"இல்ல."

"மூணாவது பாட்டுலேர்ந்து நாலாவதுக்குப் போற எடத்துல ஒரு வெத்து எடம் வரும். பயத்துல சீக்கிரம் விட்டுடாத. எண்ணிட்டு அடுத்த பாட்டை விடு." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எந்தக் காதுல மாட்டிக்குவ?"

"மாத்தி மாத்தி."

அவன் தலையாட்டினான். கண்கள் சிவந்திருந்தன. அவளுக்குக் கோபம் ஆறவில்லை. மேலாளரிடம் அவன் வாயாலேயே உண்மையைச் சொல்ல வைக்கும்வரை ஆறப்போவதும் இல்லை. அதை டாக்டர் வீட்டு வாசலில் பேசிக்கொள்ளலாம்.

"இதையே குடுங்க" என்றாள் கடைக்காரரிடம்.