சைக்கிளை உருட்டியவர்கள்

காலை ஏழு மணிக்கு ஹில்கா மூன்றாவது வீட்டை நோக்கி மிதித்துக்கொண்டிருந்தாள். நேற்றைய மழை உறைந்து, வடதுருவத்தை ஒட்டிய ஔலு நகரத்துச் சைக்கிள் பாதை கண்ணாடியாகக் கிடந்தது. அதன்மேல் மாவு தூவியதுபோல் புதுப்பனி. மூச்சின் ஈரம் கழுத்துத் துணியில் உறைந்து கன்னத்தை அறுத்தது. வளைவு வந்தால் மிதிப்பதை நிறுத்துவாள்; பிரேக்கைத் தொடமாட்டாள். முதுகுப் பையில் மருந்துப் பெட்டி குலுங்கியது.

வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, ஊசி போட்டு, கஞ்சி கொடுக்கும் வேலை. இந்தக் குளிர்காலம் அதைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனி, வீட்டுக்கு வீடு போக ஆறே நிமிடம் என்று செல்பேசியில் விதித்துவிட்டது. அந்த ஆறு நிமிடத்துக்குக் கூலி கிடையாது. பனிக்கு ஏற்ற ஆணி டயர் கேட்டதற்கு, அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார்கள்.

பாலத்து இறக்கத்தில் பின்சக்கரம் வழுக்கிக்கொண்டு போனது. இடக்கையை ஊன்றினாள். சுள்ளி முறிவது போல் ஒரு சத்தம். மல்லாந்து கிடந்தவளின் சட்டைப்பையில் செல்பேசி சிணுங்கியது: தாமதம்.

எழுந்தால் மறுபடி வழுக்கியது. முழங்காலால் ஊர்ந்து பாதையோரப் பனிக்குவியலைப் பிடித்து நின்றாள். உடைந்த கையைச் சட்டைக்குள் செருகி, வலக்கையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு மூன்றாவது வீட்டுக்கு, ஆவ்னே கிழவியிடம், போனாள். இன்சுலின் ஊசி போடாமல் ஆவ்னே ஒரு வாய் சாப்பிட முடியாது. ஹில்கா ஊசியின் மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றினாள்.

"ஏன் உன் மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்திருக்கு?"

"விழுந்துட்டேன்."

"உக்காரு, காப்பி போடறேன்."

"உன்னால எந்திரிச்சு நிக்கவே முடியாதே, ஆவ்னே."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடியுமுன் ஹில்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

மதியம் மாவுக்கட்டோடு அலுவலகம் போனாள். மேலாளர் யார்மோ விபத்துப் படிவத்தைத் திருப்பித் தள்ளினான்.

"வீட்டுக்குள்ள விழுந்திருந்தா வேலை, ஹில்கா. வழியில விழுந்தா அது உன் சொந்தப் பயணம்."

"வழியில நான் யாரு, ஊர் சுத்திப் பாக்க வந்தவளா?"

"பாத்து ஓட்டியிருக்கணும்."

"ஆறு நிமிஷத்துலயா?"

அவன் கணினித் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

காப்பி அறையில் பதினோரு பெண்கள் இருந்தார்கள். பிர்யோ காற்சட்டையைச் சுருட்டி, தொடைவரை கறுத்திருந்த காயத்தைக் காட்டினாள். "நவம்பர்ல விழுந்தேன். வாயே திறக்கல. திறந்தா வேலை போயிருமே." இன்னொருத்தி முழங்கையைக் காட்டினாள்.

"என்னத்தப் பண்ணி என்ன? நாளைக்கே வேற ஆளு பிடிப்பாங்க," என்றாள் பிர்யோ.

"பிடிக்கட்டும். என்னால இனி ஓட்ட முடியாது. நீங்களும் ஓட்டாதீங்க. இறங்கி உருட்டிக்கிட்டு நடப்போம்," என்றாள் ஹில்கா.

"ஊசி போட்டுக்கறவங்க கதி?" என்றாள் ஒருத்தி.

"அவங்க வீடு முதல்ல. மத்ததெல்லாம் நடக்கிற வேகத்துல."

மாலைக்குள் யார்மோவுக்கு எட்டிவிட்டது. நடப்பவர்கள் மேல் நடவடிக்கை என்று எல்லோருக்கும் செய்தி வந்தது.

மறுநாள் காலை பாலத்தடியில் ஆறு பேர்தான் சைக்கிளோடு நின்றார்கள். ஹில்கா கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு வந்திருந்தாள். விடிய இன்னும் நேரமிருந்தது. விடிந்தாலும் பெரிய வெளிச்சம் ஒன்றும் வரப்போவதில்லை. நடக்கத் தொடங்கியதும் ஆறு செல்பேசிகளும் சிணுங்கின. யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

கைசு அவர்களைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போனாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம், தலையை நிமிர்த்தவில்லை.

"போகட்டும், பாவம்," என்றாள் பிர்யோ.

முச்சந்தி விளக்கடியில் கைசு இறங்கி நின்றிருந்தாள்.

"என்னைய இன்னைக்கே தூக்கிருவாங்க."

"தூக்கலாம்," என்றாள் ஹில்கா. பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"தெரிஞ்சுதான் இறங்கினேன்."

ஹில்கா நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டாள். பாதை வழுக்கியது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆவ்னேயின் தெருவுக்குள் திரும்பினார்கள்.