நாற்பது கிலோவுடன் ஓர் இறக்கம்

மிதிவண்டிச் சங்கத் தலைவர் மிதிவண்டி ஓட்டியாக வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. தையற்காரியின் அக்கா புருஷன் பதினோரு வருஷமாக அந்தச் சலுகையை அனுபவித்து வந்தார். ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் பயணத்துக்கு யாரைச் சேர்ப்பது என்பதும் அவர் கையில்தான். நாற்பது கிலோ சுமையோடு தண்ணீர்த்தொட்டி மேட்டிலிருந்து இறங்கி, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டாமல் நிறுத்த வேண்டும். தாண்டினால் பயணம் கிடையாது.

தையற்காரி மூன்று வருஷமாக இந்தப் பயணத்தைத்தான் கனவு கண்டுகொண்டிருந்தாள்.

“ஒயர் பிரேக்கா?” சோதனை நாளன்று மேட்டில் அவள் வண்டியைப் பார்த்து அத்தான் மூக்கால் சிரித்தார். “எண்ணெய் பிரேக் போடுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனேம்மா!”

“ஒயர் அறுந்தா எந்தப் பெட்டிக்கடையிலயும் வாங்கி நானே மாட்டிக்குவேன் அத்தான். எண்ணெய் கசிஞ்சா நடுவழியில உங்களையா கூப்பிடறது?”

“கூப்பிட்டா மட்டும்? குழாய் சொட்டினாலே இவர் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவார்,” என்றாள் அக்கா.

அத்தானுக்குச் சுருக்கென்றது. எண்ணெய் பிரேக் போட்ட தன் புது வண்டியின் முன்சக்கரத்தை, பிரேக் கட்டைகள் தெரியக் கழற்றிவைத்து, உறுப்பினர்களைச் சுற்றி நிறுத்திப் பிரசங்கத்தைத் தொடங்கினார். “ஒரே விரல் போதும், பாருங்க!” சக்கரம் இல்லாமலே பிரேக்கை அழுத்தினார். ஒரு தடவையா? கைதட்டலுக்கு இடைவெளி விட்டு ஐந்து தடவை. கவ்விப் பிடிக்கச் சக்கரத்தின் தட்டு நடுவே இல்லாததால் பிரேக் கட்டைகள் இரண்டும் கட்டித் தழுவிக்கொண்டன. சக்கரத்தைத் திரும்ப மாட்டப்போனால் தட்டு நுழைய மயிரிழை இடமில்லை. தலைவர் குப்புறக் குனிந்து திருப்புளியால் நெம்பத் தொடங்கினார்.

“நீ இறங்குடி, இவருக்கு நேரமாகும்,” என்றாள் அக்கா.

இறங்கினாள். பழைய மெல்லிய ஒயர் சுமைக்கு இழுபட்டு அவளை ஒருமுறை சுவரில் கொண்டுபோய் மோதியிருந்தது. அதன்பிறகுதான் தடித்த ஒயரும் அகலக் கட்டைகளும் தேடிப்பிடித்துப் போட்டு, துணி மூட்டை கட்டி அறுபது தடவை இதே மேட்டில் இறங்கிப் பார்த்திருந்தாள். பாதி இறக்கத்தில் காற்று காதை அடைத்தது. பதறவில்லை. விட்டு விட்டுப் பிடித்தாள்; கடைசியில் இரண்டு கையாலும் இறுக்கினாள். வண்டி முனகியது, மூட்டைகள் முன்னே முட்டின, சக்கரம் நின்றது. கோட்டுக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது.

மேட்டில் கூட்டம் கத்தித் தீர்த்தது.

“இன்னொரு தடவை காட்டட்டுமா அத்தான்?” என்று கீழிருந்து கூவினாள்.

கை முழுக்க எண்ணெயோடு நிமிர்ந்தார் தலைவர். “வேண்டாம்மா, பயணத்துல நீதான் முன்னால போற,” என்றார். பதினோரு வருஷத்தில் அவர் சுருக்கமாகப் பேசியது அன்றைக்குத்தான்.