மீனுக்கு வளர்த்த கொசு

தெமோதரைக்கு மேலே, தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டிக் கிடந்த ஒற்றையறை வீடுகளில் கடைசிக் காம்பராவில் ஜெயகுமார் ஃபைட்டர் மீன் வளர்த்தான். தேயிலை ஃபெக்டரி மெஷினில் வலது கை விரல்கள் போன பிறகு தொற்றிக்கொண்ட பழக்கம். ஜாம் போத்தல், ஊறுகாய் போத்தல் என்று ஜன்னலோரம் அடுக்கி வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மீன் விட்டிருந்தான். வேலையில்லாத மனுசன் குடிக்காமல் வீட்டோடு கிடக்கிறானே என்று அவன் பெண்சாதி சுபாஜினிக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மீனுக்குத் தீனி கொசுப்புழு. பின்பக்கம் வாழைமரத்து மறைவில் ஒரு பீப்பாயில் மழைத்தண்ணியைப் பிடித்து, மூடாமல் விட்டிருந்தான். கிழிந்த நெட் துணியால் புழுவை வடித்தெடுத்துப் போடுவான். மீன் பாய்ந்து கவ்வும்போது அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். விரல் போனதற்குப் பிறகு வேறெதற்கும் அவன் அப்படிச் சிரித்ததில்லை.

“வடிச்சது போக மிச்சமெல்லாம் கொசுவாகி நம்மளத்தானங்க கடிக்கும்? கவுத்து விடுங்க” என்றாள் ஒருநாள்.

“கவுத்துட்டா என் மீனு என்னத்தத் திங்கும்?”

அந்த முகத்தைப் பார்த்து அவளும் விட்டுவிட்டாள்.

ஐப்பசி மழையோடு பக்கத்துக் காம்பரா விஜயலெட்சுமியின் மகள் தனுஷியாவுக்குக் காய்ச்சல் வந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்துவிட்டுத் தாய்க்காரி மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனாள். பிள்ளை ரத்தமாக வாந்தியெடுத்த பிறகுதான் த்ரீவீலரில் போட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். டெங்கு என்றார்கள். தனுஷியா பெட்டியில்தான் வீடு வந்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை, சுகாதாரப் பரிசோதகர்கள் மேல் லயம்வரை வந்துவிட்டதாகச் சத்தம் கேட்டது. ஜெயகுமார் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். சுபாஜினிதான் ஓடிப்போய்ப் பீப்பாயைக் கவிழ்த்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, வெயிலைப் பார்க்க வைத்தாள். கை வேலை செய்ததே தவிர, மனதை எதையும் நினைக்க விடவில்லை.

வந்தவர்கள் பீப்பாயை எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். விஜயலெட்சுமியின் வாசலில் அந்தூரியம் சட்டிக்கு அடியிலிருந்த தட்டில் நாலைந்து புழு நெளிந்தது.

“இந்தா பாருங்கம்மா, வாசல்லயே வளர்த்து வச்சிருக்கீங்க. பிறகு புள்ளைக்கு வராம என்ன செய்யும்?” என்றார் ஒருவர்.

விஜயலெட்சுமி அழவில்லை. அவர்கள் போனதும் சட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கல்லில் அடித்தாள். அன்றிலிருந்து அவள் புருசன் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான். யார் வந்து உட்கார்ந்தாலும், “நாந்தான் எம்புள்ளயக் கொன்னுட்டேன்” என்ற ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கருமாதி கழிந்தது. சுபாஜினியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. கொழுந்துக் கூடையைக்கூட இறக்கி வைக்காமல் நேரே விஜயலெட்சுமியிடம் போனாள்.

“அக்கா, ஒங்க தட்டுல இருந்து வரலக்கா. எங்க பீப்பாயிலதான் புழு நெறஞ்சு கெடந்துச்சு. மீனுக்காக அவரு விட்டு வச்சிருந்தாரு. ஆபீசருங்க வர்றதுக்கு முன்ன நாந்தான் கவுத்துட்டேன்.”

விஜயலெட்சுமி நம்பாமல் தலையை ஆட்டினாள்.

“அந்தப் பீப்பா காஞ்சு கெடந்தத நானும் பாத்தேனே சுபா. ஆபீசருங்களும் பாத்தாங்க. என்னத் தேத்துறதுக்காகக் கட்டின புருசன் மேலயே பழியப் போடுறியா?”

“இல்லக்கா, சத்தியமா...”

“போதும்டி. நீ ஒருத்தியாவது எனக்காகப் பேசுறியே.” சுபாஜினியின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான், பிள்ளை போனதிலிருந்து முதல் தடவையாக, அவளுக்கு அழுகை வந்தது.

சுபாஜினி இன்னொரு தடவை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது, அவள் அங்கே போனதைப் பார்த்திருந்த ஜெயகுமார் கதவடியில் நின்றான். “சொல்லிட்டியா?”

“சொன்னேன். நம்பல.”

அவன் நீளமாக ஒரு மூச்சு விட்டான். அந்த மூச்சைக் கேட்டு அவளுக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. ஆனால் விஜயலெட்சுமி கையைப் பிடித்த அந்த நேரத்தில் தன் நெஞ்சிலிருந்தும் அதே மூச்சு வந்ததை அவளால் இல்லையென்று சொல்ல முடியவில்லை.